சாந்தா காந்தி: மருத்துவப் படிப்பை விட்டு மேடைக்கு வந்தவர், பவாயையும் பாசனையும் இந்தி அரங்கில் ஏற்றியவர்

நவீன இந்தி நாடக மேடையின் வரலாறு பேசப்படும்போது முதலில் நினைவுக்கு வரும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. பிருத்விராஜ் கபூர், இப்ராஹிம் அல்காசி, ஹபீப் தன்வீர், பி.வி. காரந்த் என அந்தப் பட்டியல் நீளும். அவர்களின் காலத்திலேயே இயங்கி, இந்தி மேடையின் போக்கை மாற்றிய சாந்தா காந்தியின் பெயர் நாடகத் துறைக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை.

நடனக் கலைஞர், நடிகர், நாடக ஆசிரியர், இயக்குநர், ஆசிரியர் என ஐந்து பணிகளை ஒரே வாழ்நாளில் ஆற்றியவர் அவர். குஜராத்தின் கிராமத்துத் தெருக்கூத்தான பவாயையும், சமஸ்கிருத நாடக ஆசிரியரான பாசனின் படைப்புகளையும் தலைநகரின் இந்தி மேடைக்குக் கொண்டுவந்தவர். இவ்விரண்டையும் அவர் பழம்பொருள்களாகக் காட்சிக்கு வைக்கவில்லை; சமகாலப் பார்வையாளரோடு பேசும் நாடகங்களாகவே அணுகினார். அவரது கலை வாழ்வின் சாரம் இதுவே எனலாம்.

நாசிக்கிலிருந்து லண்டன் வரை

சாந்தா காந்தி 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி நாசிக்கில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பொறியாளர். காந்தி என்பது குஜராத்தியரிடையே பரவலாக வழங்கும் குடும்பப் பெயர். அவருடைய தங்கையரான தீனா, தர்லா இருவரும் பின்னாளில் நாடகக் கலைஞர்களாகப் பெயர் பெற்றனர். இந்தித் திரைப்படங்களில் அன்னை, பாட்டி வேடங்களில் நாடறிந்த தீனா பாடக் அவரது தங்கையே.

புனேயில் அந்நாளில் புதுமையான கல்விமுறையைப் பின்பற்றிய உறைவிடப் பள்ளி ஒன்றில் சாந்தா 1930-களின் தொடக்கத்தில் பயின்றார். பின்னாளில் நாட்டின் பிரதமரான இந்திரா அப்பள்ளியில் அவருடன் படித்தவர். அந்தப் பள்ளித் தோழமை பின்னர் லண்டனிலும் தொடர்ந்தது.

மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கங்களின்பால் மகளுக்கு ஏற்பட்ட ஈடுபாடு தந்தைக்குக் கவலையளித்தது. மருத்துவம் பயிலுமாறு அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். ஆனால் 1930-களின் லண்டன் அரசியலிலிருந்து விலகியிருக்க ஏற்ற இடமாக இல்லை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. இந்திய விடுதலைக்காக வி.கே. கிருஷ்ண மேனனைச் சுற்றி இந்திய மாணவர்கள் திரண்டிருந்தனர். சாந்தாவும் அந்த வட்டத்தில் இணைந்தார். ஸ்பெயின் மக்களுக்கு நிதி திரட்டுவதற்காக நடன நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். அரசியல் நோக்கத்திற்காகக் கலையை மேடையேற்றும் அனுபவம் அவருக்கு முதன்முதலில் கிடைத்தது அங்கேதான்.

உலகப் போர் சூழும் நிலையில் தந்தை அவரைத் தாயகத்திற்குத் திரும்ப அழைத்தார். மருத்துவப் படிப்பு அத்துடன் நின்றது. 1938-இல் பம்பாயில், கேம்பிரிட்ஜில் பயின்ற பிரிட்டிஷ் வரலாற்றாய்வாளர் விக்டர் கீர்னனை அவர் மணந்தார். பின்னாளில் இக்பால், ஃபைஸ் ஆகியோரின் உருதுக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புகழ் பெற்றவர் கீர்னன். அந்த மணவாழ்வு நீடிக்கவில்லை. 1946-இல் கீர்னன் இந்தியாவை விட்டுச் செல்வதற்கு முன்பே இருவரும் பிரிந்துவிட்டனர்.

அல்மோராவில் கிடைத்த பயிற்சி

தாயகம் திரும்பிய சாந்தாவுக்குத் திசை காட்டியது இமயமலை அடிவாரத்தில் அமைந்த ஒரு கலைக்கூடம். நடனக் கலைஞர் உதய் சங்கர், அல்மோராவை அடுத்த சிம்தோலாவில் இந்தியப் பண்பாட்டு மையத்தை நிறுவியிருந்தார். சில ஆண்டுகளே இயங்கிய போதிலும், இந்திய நிகழ்த்து கலைகளின் வரலாற்றில் அம்மையத்திற்குத் தனியிடம் உண்டு.

அங்கு கதகளியைச் சங்கரன் நம்பூதிரியும், மணிப்புரி நடனத்தை அமோபி சிங்கும், இசையை உஸ்தாத் அலாவுதீன் கானும் கற்பித்தனர். பரதநாட்டியம் பயிற்றுவித்தவர் பாலசரஸ்வதியின் நட்டுவனாரான கந்தப்பா பிள்ளை. சோஹ்ரா சேகல் அங்கு பணியாற்றினார். பின்னாளில் திரைப்பட இயக்குநரான குரு தத் அங்கு மாணவராக இருந்தார். சாந்தி பர்தன், நரேந்திர சர்மா ஆகியோரும் அம்மையத்தில் உருவானவர்களே.

ஒரே வளாகத்தில் நாட்டின் பல பகுதிகளின் ஆடல் மரபுகளைக் கற்கும் வாய்ப்பு அதுவரை எவருக்கும் எளிதாகக் கிட்டியதில்லை. ஒரு கலைஞர் ஒரு குருவிடம் ஒரே பாணியைக் கற்பதே வழக்கமாக இருந்தது. ஆனால் அல்மோராவில் பல பாணிகளையும் கற்று, அவற்றிலிருந்து புதிய நாட்டிய நாடகத்தை உருவாக்கும் முறை பின்பற்றப்பட்டது. உடலையே மொழியாகக் கொண்டு கதை சொல்லும் இப்பயிற்சி, கால் நூற்றாண்டு கழித்து சாந்தா காந்தி நாடக இயக்குநராகப் பணியாற்றியபோது அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

பஞ்சமும் மக்கள் நாடக இயக்கமும்

1943-ஆம் ஆண்டு மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் தொடங்கப்பட்டது. 'இப்டா' என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படும் இவ்வமைப்பு, எழுத்தாளர்கள், நடிகர்கள், பாடகர்கள், ஓவியர்கள் ஆகியோரை ஒரே குடையின் கீழ்த் திரட்டியது. அதே ஆண்டில் வங்கத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. சுமார் 30 லட்சம் பேர் பட்டினிக்கும் நோய்க்கும் பலியானதாக மதிப்பிடப்படுகிறது.

போர்க்காலத் தணிக்கை நிலவிய சூழலில், பஞ்சத்தின் உண்மை நிலையைப் பிற மாகாணங்களுக்கு எடுத்துச் செல்லும் பணியைப் பாட்டும் ஆட்டமும் மேற்கொண்டன. வங்கத்தில் 1944-இல் 'நபான்ன' நாடகம் மேடையேறியது. பம்பாயில் இப்டாவின் மையக் குழு அமைக்கப்பட்டது. அந்தேரியில் ஒரே இல்லத்தில் கூட்டாக வாழ்ந்து, பயிற்சி செய்து, ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்திய முழுநேரக் கலைக்குழு அது. அல்மோரா மையத்திலிருந்து வந்த சாந்தி பர்தன் நடன அமைப்புக்குப் பொறுப்பேற்றார். ரவி சங்கர் சில காலம் இசையமைத்தார். சாந்தா காந்தியும் தங்கை தீனாவும் இக்குழுவில் முழுநேரக் கலைஞர்களாகச் சேர்ந்தனர்.

'இந்தியாவின் ஆன்மா', 'அழியாத இந்தியா' ஆகிய பொருள்படும் தலைப்புகளில் இக்குழு உருவாக்கிய நாட்டிய நாடகங்கள் நாட்டின் பல நகரங்களில் நிகழ்த்தப்பட்டன. அந்நிய ஆட்சி, பதுக்கல், பஞ்சம், ஒற்றுமைக்கான அறைகூவல் ஆகியவை அவற்றின் கருப்பொருள்கள். திரட்டப்பட்ட நிதி வங்கத்திற்கு அனுப்பப்பட்டது.

நல்ல குடும்பத்துப் பெண்கள் பொதுமேடையில் ஆடுவது இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. அத்தகைய காலத்தில், படித்த இளம்பெண்கள் ஆண் கலைஞர்களுடன் ஒரே இல்லத்தில் தங்கி, ரயிலேறிப் பயணம் செய்து, திறந்தவெளி மேடைகளில் ஆடினர். வருவாய் என்று சொல்லத்தக்க எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நாடகப் பயிற்சி பெறாத பெருங்கூட்டத்தின் முன் எது எடுபடும், எது எடுபடாது என்ற அறிவை அவர்கள் பெற்றனர். நாடு விடுதலை பெற்ற காலகட்டத்தில் அரசியல் கருத்து வேறுபாடுகளாலும் நிதி நெருக்கடியாலும் மையக் குழு கலைந்தது. அதில் உருவான கலைஞர்கள் திரைப்படம், நடனம், நாடகம் எனப் பல திசைகளில் பிரிந்து சென்றனர்.

பவாயைத் தேடி

சாந்தா காந்தியும் தீனாவும் தங்கள் தாய்மொழியின் நாட்டார் அரங்கை நோக்கித் திரும்பினர். குஜராத்தின் பவாய், அம்பா தேவியின் வழிபாட்டோடு தொடர்புடைய கூத்து வடிவம். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசாயித் தாக்கர் இதனை உருவாக்கியதாக மரபு கூறுகிறது. பட்டேல் சமூகப் பெண் ஒருத்தியைக் காப்பாற்றுவதற்காக, அவள் தன் மகளே என்று மெய்ப்பிக்க அவளுடன் அமர்ந்து உணவருந்திய பிராமணர் அவர் என்றும், அதற்காகவே தம் சாதியிலிருந்து விலக்கப்பட்டார் என்றும், அதன் பின்னர் கூத்தையே வாழ்வாக்கிக்கொண்டார் என்றும் கதை வழங்குகிறது.

பவாயில் ஒவ்வொரு நாடகமும் 'வேஷம்' என அழைக்கப்படும். ஊர்த் திடலில் வட்டமாக இடம் ஒதுக்கப்படும். நீண்ட செப்புக் குழலான பூங்கள் முழங்கக் கூத்து தொடங்கும். நாயக் என்னும் கட்டியக்காரர் கதையை நடத்திச் செல்வார். ரங்க்லா என்னும் கோமாளி இடையிடையே புகுந்து அரசனையும் செல்வந்தனையும் எள்ளி நகையாடுவார். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பர். 20-ஆம் நூற்றாண்டில் நகரத்து நாடகமும் திரைப்படமும் வளர்ந்த நிலையில், பவாய் கொச்சையான கேளிக்கை என்று கற்றவர்களால் ஒதுக்கப்பட்டது.

1950-களில் இந்நிலை மாறத் தொடங்கியது. தீனா முதன்மை வேடமேற்ற 'மேனா குர்ஜரி' பவாய் பாணியில் அமைந்து, குஜராத்தி மேடையில் பெருவெற்றி கண்டது. பவாயின் பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்று நடித்தது அதில் குறிப்பிடத்தக்கது. சாந்தா காந்தியோ பவாயின் வடிவத்தை ஆழ்ந்து கற்று, அதனைக் குஜராத்திக்கு அப்பால் கொண்டுசெல்லும் வழியைத் தேடினார். அந்த வாய்ப்பு அவருக்குத் தலைநகரில் அமைந்தது.

தில்லியில் ஆசிரியராக

சங்கீத நாடக அகாடமியால் 1959-இல் தில்லியில் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளி, 1962-இல் இப்ராஹிம் அல்காசி இயக்குநராகப் பொறுப்பேற்ற பின் புதிய உயரங்களை எட்டியது. மோகன் ராகேஷின் 'ஆஷாட் கா ஏக் தின்', தர்மவீர் பாரதியின் 'அந்தா யுக்' முதலிய இந்தி நாடகங்களையும், கிரேக்க, ஐரோப்பிய நாடகங்களின் இந்தி வடிவங்களையும் அல்காசி மேடையேற்றினார். லண்டனில் பயிற்சி பெற்ற அவர் ஒழுங்கு, ஒளியமைப்பு, அரங்கப் பொருள்கள், நடிப்புப் பயிற்சி ஆகியவற்றில் உயர்ந்த தரத்தை ஏற்படுத்தினார்.

அப்பள்ளியில் பண்டைய இந்திய நாடகத்தைக் கற்பிக்கும் பொறுப்பைச் சாந்தா காந்தி ஏற்றார். அப்பொறுப்பில் ஒரு சிக்கல் இருந்தது. சமஸ்கிருத நாடகங்கள் அந்நாளில் இலக்கியமாகவே படிக்கப்பட்டன. கல்லூரிகளில் உரையுடன் பயிலப்பட்ட அவற்றை மேடையில் எவ்வாறு நிகழ்த்துவது என்பதற்கு வட இந்தியாவில் வாழும் மரபு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. கேரளக் கோயில்களில் கூடியாட்டம் மட்டுமே அம்மரபைக் காத்துவந்தது. அதுவும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் கோயிலுக்கு வெளியே வந்தது. 1962-இல்தான் சென்னையில் நிகழ்த்தப்பட்டது.

இந்நிலையில் அவர் தேர்ந்தெடுத்த நாடக ஆசிரியர் பாசன். காளிதாசனே தன் நாடகத்தில் பெயர் குறிப்பிட்டுப் போற்றிய பாசனின் படைப்புகள் பல நூற்றாண்டுகளாகக் கிடைக்காமல் இருந்தன. அறிஞர் த. கணபதி சாஸ்திரி 1909-இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் ஓலைச்சுவடிகளைக் கண்டெடுத்தார். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த அப்பகுதி இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. சுவடிகளில் ஆசிரியர் பெயர் காணப்படாத போதிலும் அவை பாசனுடையவை என அவர் முடிவு செய்தார். 1912 முதல் 13 நாடகங்கள் திருவனந்தபுரத்தில் அச்சேறின. பாசனே அனைத்தையும் இயற்றினாரா என்ற விவாதம் அறிஞர்களிடையே நீடித்தது. ஆயினும் அந்நாடகங்கள் மேடைக்காகவே எழுதப்பட்டவை என்பதில் ஐயம் எழவில்லை.

அவற்றுள் 'மத்யம வியாயோகம்' என்ற ஓரங்க நாடகத்தைச் சாந்தா காந்தி 1960-களின் நடுப்பகுதியில் இந்தியில் இயக்கினார். தாய் ஹிடிம்பையின் ஆணைப்படி அவளது நோன்பு முடிக்க மனிதன் ஒருவனைத் தேடிக் காட்டில் அலைகிறான் கடோத்கஜன். அவனிடம் ஓர் அந்தணக் குடும்பம் சிக்குகிறது. மூன்று மகன்களில் நடுவன் தன்னைத் தர முன்வருகிறான். கடைசியாக நீர் அருந்தச் சென்ற அவன் திரும்பத் தாமதமாகவே, நடுவனே என்று கடோத்கஜன் கூவி அழைக்கிறான். அக்குரலுக்கு வந்து நிற்பவன் பாண்டவரில் நடுவனான பீமன். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் மோதுகின்றனர். இறுதியில் ஹிடிம்பை வந்து உண்மையை உணர்த்துகிறாள்.

இந்நாடகத்தின் காட்டை அட்டையும் வண்ணமும் கொண்டு மேடையில் அமைத்தால் நாடகம் நகராது. பாத்திரங்கள் மேடையை ஒரு முறை சுற்றி நடந்தால் இடம் மாறிவிட்டது என்பது சமஸ்கிருத நாடகத்தின் மரபு. சூத்திரதாரர் வந்து கதையைத் தொடங்கி வைப்பதும், இல்லாத பொருளைக் கையசைவால் இருப்பதாகக் காட்டுவதும் அத்தகைய மரபுகளே. இவையனைத்தும் பவாயில் உயிரோடு இருந்தன. அங்கும் வட்டத்தைச் சுற்றி நடந்தால் ஊர் மாறும். அங்கும் நாயக் வந்து கதையைத் தொடங்குவார். செவ்வியல் நாடகம் என்றும் நாட்டார் கூத்து என்றும் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்ட இரண்டும் ஒரே மேடை இலக்கணத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தன. கிராமத்துக் கூத்தைக் கற்றிருந்ததால் அவருக்குச் சுவடியின் நாடகத்தைப் படிக்கும் வழி திறந்தது. அல்மோராவில் பெற்ற நடனப் பயிற்சி, சொல்லுக்கு ஈடாக உடலும் பேசும் நடிப்பை மாணவர்களுக்குக் கற்பிக்க உதவியது.

தொடை முறிந்து களத்தில் வீழ்ந்து கிடக்கும் துரியோதனனின் இறுதி நேரத்தைச் சொல்லும் 'ஊருபங்க'த்தையும் அவர் மேடையேற்றினார். மேடையில் மரணத்தைக் காட்டலாகாது என்ற விதியை மீறியது பாசனின் அந்நாடகம். பழைய இலக்கண நூல்களுக்கும் மேடைக்கும் இடையே எப்போதும் இழுபறி இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஜஸ்மாவின் மறுப்பு

அவரது புகழ்பெற்ற படைப்பு 1968-இல் தேசிய நாடகப் பள்ளியில் அரங்கேறிய 'ஜஸ்மா ஓடன்'. பவாயின் பழைய வேஷம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு அவரே எழுதி இயக்கிய நாடகம் இது.

மண் வெட்டிக் குளம் அமைக்கும் ஓட் சமூகத்தைச் சேர்ந்தவள் ஜஸ்மா. தமிழகத்தில் ஏரி, குளம் வெட்டும் தொழிலில் ஒட்டர் சமூகத்தினர் பெயர் பெற்றிருந்ததை இங்கு ஒப்பிடலாம். குஜராத்தின் பாடன் நகரில் 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சோலங்கி மன்னன் சித்தராஜ் ஜெயசிங், சஹஸ்ரலிங்கக் குளத்தை வெட்டுவிக்கிறான். அங்கு மண் சுமக்கும் ஜஸ்மாவின் அழகில் மயங்கி, அவளை அரசியாக்கிக்கொள்ள விழைகிறான். அவள் மறுக்கிறாள். அழகற்றவனான தன் கணவனையும், தங்கள் உழைப்பையும், தங்கள் கூட்டத்தையும் விட்டு அரண்மனைக்கு வர அவள் இசையவில்லை. மன்னனின் ஆட்கள் அவளது கணவனையும் சுற்றத்தாரையும் கொல்கின்றனர். அக்குளத்தில் நீர் தங்காது எனச் சபித்து, ஜஸ்மா தீயில் உயிர் துறக்கிறாள். குளத்தின் இடிபாடுகள் பாடனில் இன்றும் வறண்டு கிடக்கின்றன. ஜஸ்மாவுக்கு அங்கு ஒரு கோயிலும் உண்டு.

வழக்கமாகக் கற்பின் பெருமையாகச் சொல்லப்பட்டு வந்த இக்கதையில், சாந்தா காந்தி உழைக்கும் பெண்ணின் தன்மானத்தையும் அதிகாரத்தின் பேராசையையும் முன்னிறுத்தினார். அரசன் கேட்பதனைத்தும் அவனுக்கு உரியதா என்ற கேள்வியே நாடகத்தின் மையம். தீக்குளிக்கும் முடிவு இன்றைய பார்வையாளருக்கு நெருடலாகவே தோன்றும். எனினும், அரண்மனைக்கு வர மறுக்கும் உரிமை கூலிப் பெண்ணுக்கும் உண்டு என்பதைப் பாட்டும் பகடியும் கலந்து சொன்ன விதம், பஞ்ச காலத்தில் அந்தேரியில் தொடங்கிய அவரது கலைப் பயணத்தின் தொடர்ச்சியாக இருந்தது.

வடிவத்திலும் நாடகம் புதுமையானது. நகரத்தில் பயிற்சி பெற்ற நடிகர்கள் பாடவும் ஆடவும் வேண்டியிருந்தது. கதையிலிருந்து விலகி நின்று பார்வையாளரிடம் நேரடியாகப் பேசவும் வேண்டியிருந்தது. நான்காவது சுவர் ஒன்று இருப்பதாகப் பாவித்து நடித்துப் பழகியவர்களுக்கு அது எளிதல்ல. குஜராத்தின் கூத்து வடிவம், தில்லியின் இந்தி பேசும் பார்வையாளரையும் ஈர்க்கும் என்பதை ஜஸ்மா நிறுவினாள்.

பின்வந்தவர்கள்

இந்திய நாடகம் ஐரோப்பிய எதார்த்த பாணியைப் பின்பற்றுவதா, தன் மண்ணின் வடிவங்களிலிருந்து கிளைப்பதா என்ற விவாதம் 1970-களில் வலுப்பெற்றது. சத்தீஸ்கர் நாட்டார் கலைஞர்களைக் கொண்டு ஹபீப் தன்வீர் 1975-இல் 'சரண்தாஸ் சோர்' நாடகத்தை உருவாக்கினார். காரந்த் யக்ஷகானத்தின் கூறுகளை இந்தி மேடைக்குக் கொண்டுவந்தார். பாசனின் 'மத்யம வியாயோக'த்தைக் கேரளத்தின் காவாலம் நாராயண பணிக்கரும், 'ஊருபங்க'த்தை மணிப்பூரின் ரதன் தியாமும் தத்தம் மண்ணின் மரபோடு இணைத்து நிகழ்த்தி உலகப் புகழ் பெற்றனர். இந்தப் பாதையில் தொடக்கத்திலேயே நடந்தவர்களுள் ஒருவர் சாந்தா காந்தி.

பெண்கள் இயக்குநர் பொறுப்பை ஏற்கும் வழக்கம் இந்தி அரங்கில் மெல்லவே வேரூன்றியது. தில்லியில் ஷீலா பாட்டியாவும் சாந்தா காந்தியும் பணியாற்றிய காலத்தில் அத்தகையோர் மிகச் சிலரே. பின்னர் கொல்கத்தாவில் உஷா கங்குலி, தில்லியில் அனுராதா கபூர், கீர்த்தி ஜெயின் என அந்த வரிசை நீண்டது. கீர்த்தி ஜெயினின் தாய் ரேகா ஜெயின், இப்டா மையக் குழுவில் சாந்தா காந்தியுடன் ஆடியவர் என்பதும், கீர்த்தி ஜெயினே பின்னர் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநரானார் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

தாம் கற்பித்த அப்பள்ளிக்கே சாந்தா காந்தி 1982 முதல் 1984 வரை தலைவராகப் பொறுப்பு வகித்தார். 1984-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

வகுப்பறைக்குத் திரும்பிய கலைஞர்

நாடகம் மேடையோடு முடிந்துவிடுவதில்லை என்ற எண்ணம் அவருக்குத் தொடக்கம் முதலே இருந்தது. 1981-இல் மும்பையில் தொடங்கப்பட்ட 'அவேஹி' என்ற கல்வி வள மையத்தின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். படம், ஒலி, கதை, நாடகம் ஆகியவற்றைக் கல்விக் கருவிகளாகப் பயன்படுத்துவது அதன் நோக்கம். அதிலிருந்து வளர்ந்த திட்டம், மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் பயிலும் ஏழைக் குழந்தைகளுக்கான 'சங்கதி' என்னும் பாடத் தொகுப்பாக உருப்பெற்றது. தன் உடல், தன் தேவைகள், நாம் வாழும் சமூகம், அதன் ஏற்றத்தாழ்வுகள் ஆகியவற்றைக் குழந்தைகள் கேள்வி கேட்டுப் புரிந்துகொள்ளும் வகையில் அது அமைந்தது. புதுமையான பள்ளியில் படிக்கும் வாய்ப்பைச் சிறுவயதில் பெற்றவர், அத்தகைய கல்வி மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக முதுமையில் உழைத்தார்.

நாடக இயக்கத்திற்கான சங்கீத நாடக அகாடமி விருது அவருக்கு 2001-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. ஜஸ்மா அரங்கேறி 33 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2002-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி, தமது 84-ஆவது வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் தங்கை தீனா பாடக்கும் மறைந்தார்.

நினைவில் நிற்பதும் நில்லாததும்

இரு சகோதரியருள் ஒருவரது முகத்தை நாடே அறியும். மற்றவரது பெயரை நாடகத் துறையினரே அதிகம் அறிவர். திறமையின் ஏற்றத்தாழ்வு இதற்குக் காரணமல்ல. திரைப்படம் நடிகரின் முகத்தைப் பாதுகாத்து வைக்கிறது. நாடக இயக்குநரின் பணியோ கடைசிக் காட்சி முடிந்ததும் மறைந்துவிடுகிறது. சில புகைப்படங்கள், அச்சான நாடகப் பிரதி, நடித்தவர்களின் நினைவு ஆகியவை மட்டுமே மிஞ்சுகின்றன. 1960-களின் தில்லி மேடையில் நிகழ்ந்தவை பெரும்பாலும் அவ்வாறே கலைந்துபோயின.

ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி கலையவில்லை. பழைய கலை வடிவம் ஒன்றை இன்று எதற்காக மேடையேற்ற வேண்டும் என்று ஒவ்வொரு நாடகக் குழுவும் தன்னையே கேட்டுக்கொள்ள நேர்கிறது. பெருமைக்காக மேடையேற்றினால் அது விழாக் காட்சியாக முடியும். இன்றைய மனிதரின் வழக்கு ஒன்று அதனுள் இருப்பதைக் கண்டு மேடையேற்றினால் நாடகமாகும். குளம் வெட்டும் கூலிப் பெண்ணின் மறுப்பைத் தலைநகரின் மேடையில் ஒலிக்கச் செய்ததன் மூலம் சாந்தா காந்தி அக்கேள்விக்கான தமது விடையை 1968-லேயே அளித்துவிட்டார்.